விழுத்துகிற கை, தாங்குகிற கை: ஜூடோவின் வரலாற்றில் தலைமைத்துவம்

தலைமைத்துவக் கருத்தரங்குகளுக்கு எங்கட கம்பஸ்களில் பஞ்சம் இல்லை. போய் இருந்தால், திரையில் வருகிற முதல் நாலைந்து படங்களில் ஒன்றாவது கறுப்புப் பட்டி கட்டிய ஒருவருடையதாக இருக்கும். பக்கத்தில் ஒரு வாசகமும் இருக்கும்: வளைந்து கொடு, எதிராளியின் பலத்தையே அவருக்கு எதிராகத் திருப்பு, சமயம் பார்த்து வீழ்த்து. முகாமைத்துவம் படிப்பிக்கிறவர்கள் இதைச் சொல்லுகிறார்கள். காதல், கலியாணம், நட்பு பற்றி யூடியூப்பில் அறிவுரை சொல்லுகிறவர்களும் இதையே சொல்லுகிறார்கள். கேட்கிற எங்களுக்கும் நல்லாத்தான் இருக்கு.

ஆனால் வரலாறு படிக்கிற ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஒரு வாசகம் காதில் விழுந்தால், இதை முதலில் ஆர் சொன்னது, எப்ப சொன்னது, என்னத்துக்குச் சொன்னது எண்டு தேடுவோம். சொன்ன ஆள் தன்ர வாழ்க்கையில் அதை எப்படிக் கொண்டு நடத்தினார், அவருக்குப் பிறகு வந்தவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்றும் பார்ப்போம்.

தற்காப்புக் கலைகள் பலவற்றின் தொடக்கம் பழங்கதைகளுக்குள் மறைந்து கிடக்கிறது. ஜூடோ அப்படி இல்லை. அதைத் தொடங்கியவர் யார், எந்த ஆண்டில், எந்த இடத்தில், எத்தனை பாய் விரித்த அறையில் என்பது வரைக்கும் தெரியும். அதன் கொள்கைகளையும் தொடங்கியவரே எழுதிப் பேசி விளக்கியிருக்கிறார். அந்தக் கொள்கைகள் இரண்டு. மேடைகளில் எங்களுக்குச் சொல்லப்படுவது முதலாவது மட்டும்தான். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜூடோவின் சொந்த வரலாறே சாட்சி சொல்லுது.

ஒரு கலைப்பீட மாணவர்

கானோ ஜிகோரோ 1860இல், இன்று கோபே நகரத்துக்குள் அடங்குகிற மிக்காகே என்ற ஊரில் பிறந்தார். அரிசி மது காய்ச்சுகிற வசதியான குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்து, தகப்பனோடு டோக்கியோவுக்கு வந்தார். படிப்பில் கெட்டிக்காரன், ஆனால் ஆள் சின்னன். வளர்ந்த பிறகும் அவருடைய உயரம் 5 அடி 2 அங்குலம்தான். விடுதிப் பாடசாலையில் பெரிய பெடியள் அவரைப் பிடித்து உதைத்தார்கள். எங்கட சொல்லில் சொன்னால் பகிடிவதை. பலம் குறைந்தவனும் பலசாலியை வெல்ல ஜூஜுட்சு என்றொரு கலை இருக்கிறது என்ற பேச்சு அந்த வயதுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆசை இருந்தது, படிப்பிக்க ஆள் இல்லை. 1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1871இல் பழைய பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டன. 1876இல் சாமுராய்கள் வாள் தரிப்பதும் தடை செய்யப்பட்டது. பிரபுக்களின் ஆதரவில் வாழ்ந்த ஜூஜுட்சு ஆசிரியர்களுக்குப் பிழைப்புப் போனது. மேற்கத்தேய ரயிலும் துப்பாக்கியும் வந்த காலத்தில் இதை ஆர் படிப்பான் என்ற நிலைமை. அவர்களில் சிலர் எலும்பு பொருத்திப் பிழைத்தார்கள். எங்கட ஊரில் என்றால் முறிவு நெரிவு வைத்தியர் என்று சொல்லுவோமே, அந்த வேலை. கானோ அப்படிப்பட்ட வைத்தியர்களைத் தேடித் தேடி விசாரித்தார். கடைசியில் 1877இல் ஃபுகுதா ஹச்சினோசுகே என்ற ஆசிரியர் கிடைத்தார். அதே ஆண்டில் கானோ டோக்கியோப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் போனார். இலக்கிய பீடத்தில் அரசியலும் பொருளாதாரமும் அவருடைய பாடங்கள். ஆக, எங்கள மாதிரி ஒரு கலைப்பீட மாணவர்.

ஃபுகுதாவின் படிப்பிப்பு பழைய பாணி. ஒரு பிடியை எப்படிப் போடுவது, கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று கானோ கேட்டால், விளக்கம் வராது. கூப்பிட்டுத் திரும்பத் திரும்ப விழுத்துவார். விழுந்து விழுந்து விளங்கிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே படித்தவர்களில் ஒரு பெரிய உடம்புக்காரர் இருந்தார். கானோவால் அவரை அசைக்க ஏலவில்லை. அதற்கு கானோ செய்த வேலை எங்களுக்குப் பிடித்தது: நூலகத்துக்குப் போனார். மேற்கத்தேய மல்யுத்தம் பற்றிய புத்தகங்களைப் புரட்டி, ஆளைத் தோளில் தூக்கி எறிகிற ஒரு முறையைக் கண்டுபிடித்து, பழகி, அந்தப் பெரியவரை விழுத்தினார்.

ஃபுகுதா 1879இல் காலமானார். அடுத்த ஆசிரியர் இசோ மசாதோமோ 1881இல் காலமானார். அதற்குப் பிறகு கித்தோ மரபைச் சேர்ந்த இகுபோ த்சுனேதொஷியிடம் படித்தார். 1881இல் பட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டே தன்னுடைய சொந்தப் பயிற்சிக்கூடத்தைத் திறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 21. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் அந்த வயதுதான்.

பன்னிரண்டு பாய்

1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி என்ற பௌத்த விகாரையில் கொடோகான் தொடங்கியது. 'வழியைக் கற்கும் மண்டபம்' என்பது அந்தப் பெயரின் பொருள். மண்டபம் என்று பெயர் இருந்தாலும், இருந்தது 12 பாய் விரித்த ஒரு அறை. ஒரு ஜப்பானியப் பாய் ஏறத்தாழ 6 அடிக்கு 3 அடி. கணக்குப் பார்த்தால் ஒரு வகுப்பறையின் பாதி கூட வராது. முதல் ஆண்டில் மாணவர்கள் 9 பேர்.

அவர்களிடம் கானோ காசு வாங்கவில்லை. பகலில் ஆசிரியர் வேலை, இரவில் மொழிபெயர்ப்பு, அந்தக் காசில்தான் கூடம் நடந்தது. விழுந்த விழுகையில் விகாரையில் இருந்த நினைவுப் பலகைகள் கூட ஆடி விழுந்தன. பலகைத் தரை உடையும். உடைந்தால் கானோ விளக்கை எடுத்துக்கொண்டு மாணவர் ஒருவரோடு தரைக்கு அடியில் ஊர்ந்து போய் முட்டுக்கொடுத்துவிட்டு வருவார். பின்னாளில் ஜப்பானின் பெரிய கல்விமான்களில் ஒருவராகிப் பிரபுக்கள் சபையிலும் இருந்த மனிதர் இவர். தலைமைத்துவத்துக்குப் படம் போட வேண்டுமென்றால், உதைக்கிற காலை விட இந்தப் படம் நல்லது என்று நினைக்கிறோம்.

அவர் மாற்றியது என்ன? முதலில் பெயர். 'ஜூஜுட்சு' என்பதில் கடைசிப் பகுதி நுட்பம், வித்தை என்ற பொருள் தருவது. அதை எடுத்துவிட்டு 'டோ', அதாவது வழி என்று வைத்தார். 'ஜூ' என்பது மென்மை, இணங்கிப் போதல். அடுத்தது, ஆளை ஊனமாக்கக்கூடிய அடிகளையும் முறுக்குகளையும் சுதந்திரப் பயிற்சியில் இருந்து விலக்கினார். அவற்றை 'கட்டா' என்ற ஒழுங்கமைந்த பயிற்சிக்குள் மட்டும் வைத்தார். இதனால் இரண்டு பேர் முழுப் பலத்தோடு மோதலாம், அடுத்த நாளும் முழு உடம்போடு வரலாம். மூன்றாவது மாற்றத்தைப் பற்றி ஆட்கள் அதிகம் கதைக்கிறதில்லை. சுதந்திரப் பயிற்சி, கட்டா ஆகியவற்றோடு விரிவுரையையும் கேள்வி பதிலையும் சேர்த்து நான்கு பயிற்சி முறைகள் என்றார். கேள்விக்கு விழுத்தியே பதில் சொன்ன ஆசிரியரிடம் படித்தவர், தன்னிடம் வந்தவர்களுக்குக் கேள்வி கேட்பதையே பயிற்சியாக்கினார். தான் பட்டதை அடுத்தவனும் படட்டும் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் மனசில் வைத்திருங்கோ. கட்டுரையின் முடிவில் தேவைப்படும்.

இரண்டு கொள்கைகள்

இணங்கிப் போதலுக்கு கானோ ஒரு கணக்குச் சொல்லுவார். என் எதிரே நிற்கிறவருடைய பலம் 10, என்னுடையது 7. அவர் தள்ளும்போது நானும் எதிர்த்துத் தள்ளினால் நான்தான் தோற்பேன். தள்ளுகிற திசையிலேயே நான் பின்வாங்கினால், அவர் முன்னால் சரிந்து சமநிலை இழப்பார். அந்தக் கணத்தில் அவருடைய பலம் 3 ஆகிவிடும். என்னுடைய 7 அப்படியே இருக்கும். அதில் பாதி போதும் அவரை விழுத்த.

மேடைகளில் நாங்கள் கேட்கிறது இதைத்தான். ஆனால் கானோ இதோடு நிற்கவில்லை. பின்னால் இருந்து ஒருவர் இறுக்கிப் பிடித்தால் இணங்கிப் போய் என்ன செய்வது என்று அவரே கேட்டார். அந்த நேரத்தில் நேரே எதிர்க்கத்தான் வேண்டும். எனவே இணங்குவது ஒரு வழிமுறை மட்டும். அதற்கு மேலே இருக்கிற கொள்கை, உடம்பின் சக்தியையும் மனதின் சக்தியையும் நல்ல நோக்கத்துக்கு, வீணாக்காமல் முழுமையாகப் பயன்படுத்துவது. ஜப்பானிய மொழியில் 'செய்ரியோகு சென்யோ'. சாப்பாடு, படிப்பு, காசு செலவழிப்பு, வாக்குவாதம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றார். சின்ன விசயத்துக்குக் கோபப்படுவதைக் கூடச் சக்தி விரயம் என்ற கணக்கில்தான் சேர்த்தார்.

இரண்டாவது கொள்கை 'ஜித்தா க்யோயெய்'. தானும் பிறரும் சேர்ந்து செழித்தல் என்று சொல்லலாம். 1922இல் கொடோகான் பண்பாட்டுச் சங்கத்தை அமைத்தபோது இந்த இரண்டையும் ஒன்றாகவே முன்வைத்தார்.

இரண்டாவது எங்கே இருந்து வந்தது? ஏதோ நல்ல மனசில் சேர்த்துக்கொண்ட வாசகம் மாதிரித் தெரியலாம். உண்மையில் அது பாயில் இருந்தே வருகிறது. ஜூடோவைத் தனியாகப் பழக ஏலாது. விழுத்துகிறவர் 'தோரி', விழுகிறவர் 'உக்கே'. உக்கே தன்னுடைய உடம்பை நம்பி எங்கட கையில் தருகிறார். இப்ப நான் தோரி, அடுத்த முறை நான் உக்கே. இன்றைக்கு அவருடைய கழுத்தை முறித்துவிட்டால் நாளைக்கு எனக்குப் பழக ஆள் இல்லை. அதனால்தான் ஜூடோவில் முதல் பாடம் விழப் பழகுவது. எறியப் பழகுவது அதற்குப் பிறகுதான். எறிகிறவரும் எறிந்துவிட்டுக் கையை விடுவதில்லை. விழுகிறவருடைய சட்டைக் கையை இழுத்துப் பிடித்திருப்பார், தலை அடிபடாமல் இருக்க. விழுத்துகிற கையும் தாங்குகிற கையும் ஒரே ஆளுடையதுதான்.

கானோவும் மற்றவர்களும்

கொள்கை சொல்லுகிறவர்கள் எல்லாரும் அதன்படி நடக்கிறதில்லை. கானோ எப்படி?

இகுபோவோடு ஒரு நாள் பயிற்சி செய்தபோது, வழக்கமாக மாணவரை எறிகிற ஆசிரியரால் அன்றைக்கு எறிய முடியவில்லை. கானோதான் திரும்பத் திரும்ப அவரை எறிந்தார். ஆசிரியர் காரணம் கேட்டார். எறிவதற்கு முன்னால் எதிராளியின் சமநிலையைக் குலைக்க வேண்டும் என்று தான் கண்டுபிடித்ததை கானோ விளக்கினார். அதற்கு இகுபோ, இனி உனக்குப் படிப்பிக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று ஏற்றுக்கொண்டார். தன் மரபின் சுவடிகளையும் கானோவிடமே ஒப்படைத்தார். மாணவனிடம் தோற்ற ஆசிரியருடைய பெருந்தன்மை இது. கானோ இந்தச் சம்பவத்தைத் தன் நினைவுகளில் நன்றியோடு சொல்லுகிறார்.

1889இல் கல்வி முறைகளைப் பார்வையிட ஐரோப்பாவுக்குப் போனார். திரும்பி வருகிற கப்பலில் ஒரு பெரிய உடம்புக்கார ரஷ்யக் கடற்படை அதிகாரி பலப்பரீட்சைக்கு வந்தார். கானோ அவரைத் தூக்கி எறிந்தார். எறிந்த அதே நேரத்தில் அவருடைய தலை தளத்தில் மோதாமல் கையால் தாங்கினார். பார்த்துக்கொண்டு நின்றவர்களை வியக்க வைத்தது எறிந்ததை விடத் தாங்கியதுதான்.

1894-95இல் ஜப்பானும் சீனாவும் போர் புரிந்தன. சீனா தோற்றது. அடுத்த ஆண்டே, 1896இல், சீன அரசு அனுப்பிய 13 மாணவர்களைப் பொறுப்பேற்றவர் கானோ. அந்த முயற்சி 1902இல் கோபுன் கல்லூரியாக வளர்ந்தது. நவீன சீன இலக்கியத்தின் பெரிய பெயரான லூ சுன், மருத்துவம் படிக்கப் போவதற்கு முன்னால் ஜப்பானிய மொழி படித்தது அங்கேதான். தோற்கடிக்கப்பட்ட நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினது சின்ன விசயம் இல்லை.

உடைந்த உறவும் ஒன்று இருக்கு. சைகோ ஷிரோ கானோவின் மிகத் திறமையான ஆரம்பகால மாணவர். 1883இல் கானோ முதன்முதலாக 'டான்' தரம் கொடுத்த இருவரில் ஒருவர். கானோ ஐரோப்பாவில் இருந்த நேரத்தில், 1890இல், சைகோ கொடோகானை விட்டே போய்விட்டார். நம்பி விட்டுப்போன இடத்தில் ஆள் இல்லை. ஆனால் 1922இல் சைகோ இறந்த பிறகு அவருக்கு ஆறாம் டான் தரத்தைக் கொடுத்துக் கௌரவித்தது அதே கொடோகான். அகிரா குரோசாவா 1943இல் எடுத்த முதலாவது படமான 'சுகாதா சன்ஷிரோ'வின் நாயகன் இந்த சைகோவை வைத்துத்தான் உருவானான். அந்தப் படம் வந்த ஆண்டைப் பாருங்கோ. நாடு முழுப் போருக்குள் இருந்த காலம். அடுத்த பகுதிக்கு அதுவே வாசல்.

பாய் பாசறையானபோது

1904, ரஷ்ய-ஜப்பானியப் போர். கொடோகானில் பயின்ற ஹிரோசே தக்கேயோ என்ற கடற்படை அதிகாரி, துறைமுகத்தை அடைக்க மூழ்கடிக்கப்பட்ட ஒரு கப்பலில் இருந்து வெளியேற வேண்டிய நேரம். தனக்குக் கீழே வேலை செய்த சுகினோ என்பவரைக் காணவில்லை. அவரைத் தேடித் திரும்பத் திரும்பக் கப்பலுக்குள் போனார். கிடைக்கவில்லை. படகில் திரும்புகிறபோது ரஷ்யக் குண்டு பட்டு இறந்தார்.

தன்னை நம்பி வந்தவனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்பது, தலைமைத்துவம் என்று நாங்கள் சொல்லுகிற விசயத்தின் உச்சம். ஆனால் அரசு என்ன செய்தது? அவரைப் 'போர்த் தெய்வம்' ஆக்கியது. சிலை வைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டாகப் படிப்பித்தது. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்காகச் செய்ததை, எல்லாரும் அரசுக்காகச் சாக வேண்டும் என்று மாற்றிச் சொன்னது. தியாகத்தைச் சுவரொட்டியாக்குகிற வேலை எங்களுக்குப் புதினம் இல்லை. இந்தத் தீவில் அதை எல்லாப் பக்கத்திலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

1931இல் ஜப்பானிய நடுநிலைப் பாடசாலைகளில் ஆண் பிள்ளைகளுக்கு ஜூடோவோ கெண்டோவோ கட்டாயமானது. அதே ஆண்டில்தான் ஜப்பானிய இராணுவம் மஞ்சூரியாவுக்குள் புகுந்தது. சக்தியை முழுமையாகப் பயன்படுத்து என்ற முதலாவது கொள்கையைத் தளபதிகள் விரும்பினார்கள். விரும்பாமல் இருப்பார்களா? சேர்ந்து செழித்தல் என்றதை மட்டும் தங்கட எல்லைக்கு உள்ளே வைத்துக்கொண்டார்கள். சீன விவசாயி அந்தப் 'பிறர்' என்ற சொல்லுக்குள் வரவில்லை.

கானோவை இதில் இருந்து முழுக்கக் கழற்றிவிட ஏலாது. அவர் கல்வி அமைச்சில் பணியாற்றியவர், உயர் ஆசிரியர் கலாசாலையை 20 ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர், அரசின் ஆள். அதே நேரத்தில் 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் அங்கம் பெற்ற முதலாவது ஆசியரும் அவர்தான். 1912இல் ஜப்பானின் முதலாவது ஒலிம்பிக் அணியை, இரண்டே இரண்டு வீரர்களோடு, ஸ்டொக்ஹோமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவர உழைத்தார். 1936இல் அது கிடைத்தது. 1937இல் சீனாவோடு முழுப் போர் தொடங்கியது. 1938இல் கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில் அந்த வாய்ப்பைக் காப்பாற்றிவிட்டுத் திரும்புகிற வழியில், மே 4ஆம் திகதி, ஹிக்காவா மாரு என்ற கப்பலில் நிமோனியாவால் இறந்தார். வயது 77. இரண்டு மாதம் கழித்து ஜப்பான் அந்த ஒலிம்பிக்கை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது. போருக்குக் காசும் இரும்பும் வேண்டியிருந்தது.

போரில் தோற்ற பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் பாடசாலைகளில் தற்காப்புக் கலைகளைத் தடை செய்தது. ஜூடோ திரும்பப் பாடசாலைக்குள் வந்தது 1950இல்.

1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோது ஜூடோ முதன்முதலாக அதில் சேர்ந்தது. எடைப் பிரிவு இல்லாத இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் அன்டன் ஹேசிங்க், ஜப்பானின் கமினாகா அகியோவைத் தரையில் அமுக்கிப் பிடித்து வென்றார். வெற்றி அறிவித்த உடனே ஹேசிங்கின் நாட்டு ரசிகர்கள் சந்தோசத்தில் பாயை நோக்கி ஓடி வந்தார்கள். ஹேசிங்க் கையைக் காட்டித் தடுத்தார். தோற்றவர் பாயில் இருக்கும்போது அங்கே கொண்டாட்டம் கூடாது என்பது அந்தக் கை. பிறகு இருவரும் வணங்கினார்கள். கானோ பேசிய இரண்டாவது கொள்கையை அன்றைக்கு டோக்கியோவில் காட்டியவர் ஒரு டச்சுக்காரர்.

கீழே நிறுத்தப்பட்ட பட்டி

தலைமைத்துவத்தைப் பற்றிய எந்தக் கொள்கைக்கும் ஒரு பரீட்சை வைக்கலாம்: அந்தக் கூடத்தில் ஆரை உள்ளே விட்டார்கள், உள்ளே விட்டவர்களில் ஆரை மேலே போக விட்டார்கள்?

கானோ பெண்களுக்கும் படிப்பித்தார். 1926இல் கொடோகானில் பெண்கள் பிரிவு அமைந்தது. தன்னுடைய முதலாவது ஆசிரியர் ஃபுகுதாவின் பேத்தியான கெய்கோவை அவரே அழைத்தார். 1935இல் கெய்கோ சேர்ந்தார். கலியாணம் கட்டினால் ஜூடோவை விட வேண்டும் என்ற நிலை வந்தபோது கலியாணத்தை விட்டார். 1953இல் ஐந்தாம் டான் பெற்றார். அதற்கு மேலே போகப் பெண்களுக்கு அனுமதி இல்லை. அவர் படிப்பித்த ஆண்கள் அவரைத் தாண்டிப் போகலாம், அவர் போக ஏலாது. ஆறாம் டான் கிடைத்தது 1972இல். 19 ஆண்டுகள். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் தன் கூடத்தை நடத்தினார். 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் டான் கொடுத்தது. 2013இல் காலமானார். ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ பதக்கப் போட்டியாக வந்தது 1992இல்தான், ஆண்களுக்கு 28 ஆண்டுகள் கழித்து.

சேர்ந்து செழித்தல் என்று சுவரில் எழுதி வைத்த மண்டபத்தில்தான் இது நடந்தது. கொள்கையில் பிழை இல்லை. 'பிறர்' என்றால் ஆர் என்று தீர்மானித்தவர்கள் மேலே இருந்தவர்கள் என்பதுதான் விசயம்.

விழப் பழகாத பிள்ளைகள்

இன்னொரு கணக்கும் இருக்கு, வாசிக்க மனசு கனக்கும். 1983 தொடக்கம் அடுத்த மூன்று தசாப்தங்களுக்குள் ஜப்பானியப் பாடசாலைகளில் ஜூடோவோடு தொடர்புபட்டு இறந்த பிள்ளைகள் 100க்கும் மேல். பெரும்பாலும் தலையில் அடி. அவர்களில் அதிகமானோர் அப்போதுதான் சேர்ந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். சரியாக விழப் பழகுவதற்கு முன்னாலேயே எறியப்பட்டவர்கள். களைத்து நிற்க முடியாத பிள்ளையைப் 'பயிற்சி' என்ற பெயரில் திரும்பத் திரும்ப எறிந்த சம்பவங்களும் வழக்குக்குப் போயின. பிள்ளைகளை இழந்த பெற்றோர் 2010இல் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் அமைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகே இது பெரிதாக வெளியில் வந்தது. 2013 தொடக்கத்தில், ஜப்பானின் தேசிய அணி மட்டத்தில் இருந்த 15 வீராங்கனைகள் தங்களைத் தலைமைப் பயிற்றுநர் அடித்ததாகவும் அவமானப்படுத்தியதாகவும் முறையிட்ட செய்தி உலகம் முழுக்கப் போனது. அவர் பதவி விலகினார்.

அந்தப் பயிற்றுநர்கள் பலர் சொன்ன நியாயம் எங்களுக்கு நல்லாத் தெரிந்த நியாயம்: நாங்களும் இப்படித்தான் அடி வாங்கி வளர்ந்தோம்.

இதையே எங்கட கம்பஸில் வேறு சொற்களில் கேட்டிருக்கிறோம். சீனியர் ஜூனியரை ஆளாக்குகிறார், கூச்சத்தைப் போக்குகிறார், பேச்சுக்குள் ஒற்றுமையை வளர்க்கிறார். பகிடிவதையைத் தடை செய்கிற சட்டம் இந்த நாட்டில் 1998இலேயே, 20ஆம் இலக்கச் சட்டமாக, வந்துவிட்டது. இன்னும் முதலாம் ஆண்டுக்காரர் தலை குனிந்து நடக்கிறார். 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்பி 'தலைமைத்துவப் பயிற்சி' கொடுத்தார்கள். தலைமைத்துவம் என்றால் கட்டளைக்குப் பணிவதும் கட்டளை போடுவதும் என்ற விளக்கம் மேலே இருந்து கீழே வரைக்கும் ஒரே மாதிரித்தான் ஓடுது.

கானோவும் விடுதியில் உதை வாங்கியவர்தான். கேள்விக்குப் பதிலாக எறி வாங்கியவர்தான். தன்னிடம் 9 பேர் வந்தபோது அவர் அந்தச் சங்கிலியை அந்த இடத்தில் அறுத்தார். அவரை நாங்கள் தலைவர் என்று சொல்ல வேண்டுமென்றால், ஒலிம்பிக் குழுவுக்காக இல்லை, இதற்காகத்தான்.

உறவுகளுக்கும் இது பொருந்தும். எங்கட வீடுகளில் விட்டுக்கொடுத்தல் என்ற சொல் ஒரு பக்கம்தான் போகும். பொம்பிளைப் பிள்ளைதானே, நீ விட்டுக்குடு. இளையவள்தானே, நீ பொறு. இதற்குத் தற்காப்புக் கலையில் இருந்து இணங்கிப் போதல் என்று மேற்கோளும் காட்டுவார்கள். ஜூடோவில் இணங்குகிறவர் சமநிலையோடு நிற்கிறவர், அடுத்த அடியில் திருப்பி எறியக்கூடியவர். தோரியும் உக்கேயும் மாறி மாறி வருகிறார்கள். ஒரு காதலில், ஒரு நட்பில், ஒரு குடும்பத்தில் எப்போதும் ஒரே ஆள்தான் விழுகிறார் என்றால், அங்கே நடக்கிறதுக்கு ஜூடோ என்று பெயர் இல்லை. அது வெறும் விழுத்தல்.

அதனால் அடுத்த முறை கறுப்புப் பட்டிப் படத்தோடு ஒருவர் மேடையில் ஏறி, எதிராளியின் பலத்தை எப்படித் திருப்புவது என்று சொல்லத் தொடங்கினால், நாங்கள் கை தூக்கிக் கேட்க வேண்டிய கேள்வி இருக்கு. உங்களிடம் வந்த புதியவருக்கு நீங்கள் முதலில் விழப் பழக்கினீர்களா? அவர் விழும்போது அவருடைய சட்டைக் கை உங்கள் கையில் இருந்ததா? கேள்வி பதிலும் ஒரு பயிற்சி என்று சொன்ன மனிதருடைய கலை இது. கேட்பதில் பிழை இல்லை.